பழைய ரிஜிஸ்டர்களைக் கழித்துவிடாதீர்கள்: ஒரு தமிழ்ப் பங்கின் பேரவைக்குத் திறந்த மடல்

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையினருக்கும், பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் குழுவினருக்கும்,

கோயில் வாசல் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளில் மூன்று முடிவுகள் உள்ளன. 1950 வரையிலான ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி முடித்தாயிற்று. இனிச் சான்றிதழ் கணினிப் பட்டியலிலிருந்து மட்டும் தரப்படும். பக்கம் உதிரும் பழைய புத்தகங்கள் 'கழிக்கப்படும்'. முதல் இரண்டைப் பேசிச் சரிசெய்துகொள்ளலாம். மூன்றாவதை நிறுத்தச் சொல்லித்தான் இந்த மடல்.

பெங்களூர்த் தண்டுப் பகுதித் (கன்டோன்மென்ட்) தமிழ்க் குடும்பங்கள் பாட்டி, பூட்டி வழியைத் தேடி வரும்போது பழைய கையெழுத்தைப் படித்துச் சொல்பவர்கள் நாங்கள். உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துத் தந்த சான்றிதழ்களையும் அச்சுப் பக்கங்களையும் அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்தன. புத்தகத்தைப் பார்க்க அனுமதி இருந்த காலத்தில் எடுத்த குறிப்புகளோடு அவற்றை வைத்துப் பார்த்தோம். பட்டியலில் விடுபட்டவற்றில் பெரும்பகுதி பெண்களைப் பற்றியது. யாரும் வேண்டுமென்று செய்ததாக நாங்கள் நினைக்கவில்லை. கட்டம் போட்டவர் ஞானஸ்நானப் பட்டியலுக்கு ஐந்து கட்டம் போட்டார்: வரிசை எண், தேதிகள், பெயர், தகப்பன் பெயர், குறிப்பு. மீதி எல்லாம் அந்தக் கட்டங்களுக்கு வெளியே நின்றுவிட்டது.

வெளியே நின்றது என்ன என்று பார்க்க 1911-ஐ ஒட்டிய ஞானஸ்நானப் பக்கம் ஒன்றைத் திறந்து வையுங்கள். நடுவில் லத்தீனில் ஆறேழு வரி. பிறந்த நாள், தண்ணீர் ஊற்றிய நாள், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் இருவர் பெயரும், ஊர், ஞானத்தகப்பன், ஞானத்தாய், கடைசியில் குருவின் கையெழுத்து. இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஓரம். அந்த ஓரத்தில், வேறு மையில், வேறு கையில், இருபது வருஷம் கழித்து எழுதிய மூன்று குட்டி வரி இருக்கும்: இன்ன தேதியில், (கோலார் தங்கவயலின்) உரிகம் பங்கில், இன்னாரை மணந்தாள். எழுத்து அவ்வளவு பொடியாக இருக்கும். லென்ஸ் இல்லாமல் படிக்க முடியாது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தேடுகிறவர்களுக்கு நடுவில் உள்ள ஏழு வரியைவிட அந்த மூன்று வரிதான் பெரிது.

காரணம் எளிது. ஆண் பிள்ளை பெரும்பாலும் பிறந்த பங்கிலேயே இருக்கிறான். அவன் பிள்ளைகளின் ஞானஸ்நானத்தில் தகப்பன் என்று மறுபடி வருகிறான். பெண் கல்யாணமாகி அல்சூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கோ சேலத்துக்கோ போகிறாள். அங்கே இன்னார் மனைவி ஆகிறாள், இனிஷியல் மாறுகிறது, வீட்டில் வேறு பெயரில் கூப்பிடுகிறார்கள். பிறந்த இடத்துப் பதிவையும் போன இடத்துப் பதிவையும் சேர்க்கும் ஒரே பாலம் அந்த ஓரக் குறிப்பு. ரோமாபுரி 1907-ல் வெளியிட்டு 1908 ஈஸ்டரில் அமலுக்கு வந்த 'நே தெமெரே' ஆணை, கல்யாணம் நடத்திய பங்கு அதை ஞானஸ்நானப் புத்தகத்திலும் குறிக்க வேண்டும், ஞானஸ்நானம் வேறு பங்கில் நடந்திருந்தால் அங்கே தகவல் அனுப்ப வேண்டும் என்றது. 1917, 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்புகள் இரண்டும் அதையே சொல்கின்றன. அப்படி எத்தனையோ குருக்கள் தபால் எழுதி, இன்னொருவர் பெற்று, புத்தகத்தைத் தேடி எடுத்து எழுதிய வரிகள் இவை. உங்கள் பட்டியலில் 'குறிப்பு' என்ற கட்டம் வரிசையாகக் காலியாக இருக்கிறது. தட்டச்சு செய்தவருக்கு நடுவில் இருப்பதை மட்டும் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஓரம் காலி என்றால் கல்யாணமே ஆகவில்லை என்று பொருளில்லை. 1908-க்கு முன் பிறந்து முன்பே மணந்தவர்களுக்குக் குறிப்பு இருப்பது அபூர்வம். பின்னால் வந்தவர்களுக்கும் தபால் வராமல் போயிருக்கலாம். புத்தகத்தில் ஓரம் காலி என்பதும், பட்டியலில் ஓரத்தையே எடுக்கவில்லை என்பதும் வேறு வேறு. இன்று உங்கள் பட்டியலைப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. புத்தகம் போய்விட்டால் நாளைக்கு உங்களுக்கும் தெரியாது.

அடுத்தது திருமணப் பதிவேடு. நம் வீடுகளில் அத்தை மகன், மாமன் மகள் கட்டுவது வழக்கம். திருச்சபைக்கு அது இரத்த உறவுத் தடை. விலக்கு வாங்க வேண்டும். வாங்கியதைக் குரு பதிவிலேயே எழுதுவார், எத்தனையாம் படி உறவு என்றும் எழுதுவார். உங்கள் பட்டியலில் அது 'விலக்கு: ஆம்' என்று சுருங்கிவிட்டது. அந்தப் படி எண்ணில்தான் ஒரு தலைமுறையே ஒளிந்திருக்கிறது. 1983-க்கு முந்தைய கணக்கில் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் இரண்டாம் படி. தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் 'முதல் படியைத் தொட்ட இரண்டாம் படி'. மூன்றாம் படி என்றால் பாட்டன் பாட்டிமார் உடன்பிறந்தவர்கள். 1983 சட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து எண்ணுவதால் அதே அத்தை மகன் நான்காம் படி ஆகிவிட்டான். கணக்கு மாறிய வருஷம் தெரியாமல் படித்தால் உறவு ஒரு தலைமுறை தள்ளிப் போய்விடும்.

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் நமக்குத் தங்கை முறை, யாரும் கட்டுவதில்லை. எனவே இரண்டாம் படி விலக்கு என்று கண்டால் வழி இரண்டே: பெண்ணின் தாயும் மாப்பிள்ளையின் தகப்பனும் உடன்பிறந்தவர்கள், அல்லது பெண்ணின் தகப்பனும் மாப்பிள்ளையின் தாயும் உடன்பிறந்தவர்கள். எது என்று நான்கு பெற்றோரின் ஞானஸ்நானப் பதிவில் தாய் தகப்பன் பெயரைப் பார்த்தால் முடிந்தது. அப்படிப் பார்ப்பதற்கு அந்தப் பதிவுகளில் தாயின் பெயர் வேண்டும். தாயின் பெயருக்கு உங்கள் பட்டியலில் கட்டமே இல்லை.

விலக்கு மனுக்களின் கோப்புகளைத் தேடலாமே என்று கேட்கலாம். பெங்களூர் மறைமாவட்டம் 1940-ல்தான் உருவானது. அதற்கு முன் இந்தப் பங்குகள் மைசூர் மறைமாவட்டத்தில் இருந்தன. எனவே எந்த அலுவலகத்தில், எந்தப் பெட்டியில் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் தேதியும் எண்ணும் வேண்டும். அவை இரண்டும் நீங்கள் கழிக்கப்போகும் புத்தகத்தில் இருக்கின்றன.

இனி, ஏற்றியவற்றிலேயே உள்ள பிழைகள். தட்டச்சு செய்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. லத்தீன் தெரியாதவரிடம் லத்தீன் புத்தகத்தைக் கொடுத்தால் இப்படித்தான் வரும்.

லத்தீனில் 'இன்னாருடைய' என்பதற்குப் பெயரின் கடைசி எழுத்தே மாறும். அன்னா என்ற பெண் 'அன்னே' ஆவாள், மரியா 'மரியே' ஆவாள். அதை அப்படியே பெயராக ஏற்றியிருக்கிறார்கள். 'அன்னம்மாளின்' என்பதைப் பார்த்து அவர் பெயரே அன்னம்மாளின் என்று எழுதியது போல. ஆண்களின் பெயர்களில் வேறொரு சிக்கல்: பேத்ருஸ் என்று லத்தீனில் இருப்பவர் வீட்டில் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை. கல்லறைக் கல்லில் ராயப்பன் மனைவி என்று இருக்கும் பெண்ணைப் பட்டியலில் தேடினால் கிடைக்கவே மாட்டாள்.

பிரெஞ்சு குருக்கள் எழுதிய ஆண்டுகளில் உகரத்துக்கு 'ஓ', 'யு' என இரண்டு எழுத்து போடுவார்கள். முத்தம்மாளும் முனியம்மாளும் 'எம், ஓ, யு' என்று தொடங்குவார்கள். சகரத்துக்கு ஒருவர் 'எஸ்', இன்னொருவர் 'சி, ஹெச்', மற்றொருவர் அதற்கும் முன்னால் ஒரு 'டி'. சின்னம்மாள் ஒருத்தியே மூன்று இடத்தில் சிதறிக் கிடப்பாள். பட்டியலை அகரவரிசைப்படுத்தித் தேடச் சொல்கிறீர்கள். எந்த எழுத்தில் தேடுவது?

'அம்மாள்' என்பதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தனியாகப் பிரித்த பக்கங்களும் உண்டு. அந்தப் பக்கங்களின்படி பங்கில் பாதிப் பெண்கள் அம்மாள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சான்றிதழில் அப்படி அச்சாகிப் பாஸ்போர்ட் அலுவலகம் வரை போனால் சிரிப்பு வராது.

'மேற்படி' என்பதற்கு ஆங்கிலத்தில் டிட்டோ. அதைப் பழைய எழுத்தர்கள் 'டி, ஓ' என்று சுருக்கி எழுதுவார்கள். அடக்கப் பதிவேட்டில் மேல் வரியில் கிருஷ்ணகிரி என்று ஊர் எழுதி, கீழே ஏழெட்டுப் பேருக்கு டிட்டோ போட்டிருப்பார்கள். உங்கள் பட்டியலில் அவர்கள் எல்லோருக்கும் ஊர் 'டோ'. மேல் வரி எது என்று புத்தகம் இருந்தால்தான் பார்க்க முடியும்.

தேதிகள் இன்னும் மோசம். மாதத்தை 7 போட்டு 'பர்' என்று சேர்த்து எழுதியிருந்தால் அது செப்டம்பர்; லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். பட்டியலில் அவை ஜூலை, ஆகஸ்ட் என்று இரண்டு மாதம் முன்னால் வந்திருக்கின்றன. ஜூலையில் ஞானஸ்நானம், செப்டம்பரில் பிறப்பு என்ற விந்தை அப்படித்தான் உண்டாகிறது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் தட்டினால் எக்செல் தன் போக்கில் நூற்றாண்டைச் சேர்க்கும்: 29 வரை 2000-க்கு மேல், 30-லிருந்து 1900-க்கு மேல். 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தபோது புதைத்தவர்கள் 1998-ல் செத்தவர்களாகப் பட்டியலில் நிற்கிறார்கள். 1921-ல் கல்யாணமானவள் 2021-க்கு வந்துவிட்டாள். நான்கு இலக்கமும் தட்டினால்கூட 1900-க்கு முந்தைய தேதியை எக்செல் தேதியாக ஏற்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். வரிசைப்படுத்தினால் தனியே போய் ஒதுங்கும்.

இவற்றில் நாங்கள் மிகவும் கவலைப்படும் பிழை ஒன்று. விதவை மறுமணம் செய்யும்போது அவள் தகப்பன் பெயருக்குப் பதிலாக, இறந்த முதல் கணவனின் பெயரை எழுதுவது பழைய வழக்கம்: 'பேத்ருஸின் விதவை' என்று. அதைப் பட்டியலில் 'தகப்பன் பெயர்' கட்டத்தில் போட்டிருக்கிறார்கள். புருஷன் அப்பாவாகிவிட்டான். அதை நம்பி மேலே தேடும் குடும்பம் யாரோ ஒருவரின் பாட்டனைத் தன் பாட்டன் என்று எழுதிக்கொண்டு போகும். விடுபட்டதையாவது விடுபட்டது என்று கண்டுகொள்ளலாம். இந்தத் தவறு சரியானதைப் போலவே தோற்றமளிக்கும்.

அடக்கப் பதிவேட்டில் குழி எண்ணையும் விட்டுவிட்டீர்கள். குடும்பக் குழியைச் சில வருஷம் கழித்துத் திறந்து அதிலேயே அடுத்தவரை வைப்பது நம் கல்லறைகளில் சகஜம். கல் இல்லாத, பெயர் பொறிக்க வசதியில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் குழி எண்தான் சொந்தம் யார் என்று சொல்லும் சாட்சி. வயது அப்படியில்லை; 50, 55, 60 என்று உத்தேசமாகச் சொன்னதை எழுதியிருப்பார்கள். பத்து வருஷம் முன்பின் வைத்துத்தான் தேட வேண்டும்.

'இதெல்லாம் வேறு எங்காவது இருக்குமே' என்று பேரவையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். எங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறோம்.

பிறப்பு, இறப்புப் பதிவை நாடு முழுவதும் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல் வந்தது. பெரும்பாலான மாநிலங்களில் 1970 ஏப்ரல் 1-லிருந்துதான் நடைமுறை. அதற்கு முன் பெங்களூரில் இரண்டு நகராட்சிகள் இருந்தன: பேட்டைப் பக்கம் ஒன்று, தண்டுப் பக்கம் சிவில் மிலிட்டரி ஸ்டேஷனுக்கு ஒன்று. 1949-ல் இரண்டும் மாநகராட்சியாக இணைந்தன. எனவே தெருப் பெயர் தெரியாமல் தேடத் தொடங்கினால் பாதி நாள் தவறான புத்தகத்தில் போகும். சரியான புத்தகமே கிடைத்தாலும், பெயர் வைக்கும் முன்பே பதிந்த பிள்ளைகளுக்குப் பெயர்க் கட்டம் காலியாகத்தான் இருக்கும்: 'பெண் குழந்தை, இன்னார் மகள்'. அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பது உங்கள் ஞானஸ்நானப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு? பிரிட்டனில் வீட்டுவாரியான கணக்கை 100 ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள், குடும்ப வரலாறு தேடுவோர் அதில்தான் தொடங்குகிறார்கள். இங்கே 1948 சட்டத்தின் 15-ம் பிரிவின்படி அந்தப் பதிவுகளைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. லண்டனில் நகல் உண்டு என்பார்கள். சென்னை மாகாணத்துத் தேவாலயங்களிலிருந்து லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் நகல்களில் பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பெயர்களே. பின்னி மில் கூலிக்காரர் வீட்டுப் பெண்ணை அங்கே எதிர்பார்க்க முடியாது.

பத்திரப்பதிவு அலுவலகம் நல்ல இடம்தான். பெயர்வாரி அட்டவணை முதலாவது, சொத்துவாரி அட்டவணை இரண்டாவது. பெண்களைத் தேட இரண்டாவதில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் பெயர் எப்படி எழுதியிருக்கும் என்று தெரியாவிட்டாலும் வீடு எது என்று தெரியும். சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து அக்கா தங்கைகள் கைநாட்டு வைத்த விடுதலைப் பத்திரத்தில் உடன்பிறந்தவர்கள் அத்தனை பேரும், அவர்கள் கணவர் பெயரோடு, ஒரே பக்கத்தில் வருவார்கள். ஆனால் அதற்குச் சொத்து இருந்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் பிறந்து வாடகை வீட்டில் செத்தவளுக்கு எந்தச் சார்பதிவாளரிடமும் பக்கம் கிடையாது.

பட்டாளத்து வீடு என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம். சிப்பாயின் உறவினர் விவரப் பட்டியலில் மனைவி பெயர் இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பல இடங்களில் தாய் தகப்பன், மனைவி, ஊர், மாவட்டம் எல்லாம் தெளிவாக இருக்கும். 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய கூலிகளின் பட்டியலிலும் பெண்ணுக்குத் தனி எண், தன் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதினார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பியவன் குறித்துவைத்ததை நம் கோயில் பட்டியல் விட்டுவிடுவது எங்களுக்கு உறுத்துகிறது.

முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது, வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே சொன்னார்கள். அப்படிப் பெயரில்லாத சுமார் 28 லட்சம் பேரைத் தேர்தல் ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. கடுமையான முடிவு, ஆனால் அங்கே பெயர் எழுதவே இல்லை. உங்களிடம் தாயின் பெயரும் ஞானத்தாயின் பெயரும் எழுதியே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் போடாமல் விட்டிருக்கிறீர்கள்.

சட்டப்படியும் யோசியுங்கள். 30 ஆண்டு கடந்த மூல ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால், அதன் கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். எக்செல் பட்டியலுக்கு அந்தத் தகுதி கிடையாது. திருச்சபைச் சட்டம் 535-ம் விதியின் ஐந்தாம் பகுதி பழைய பங்குப் பதிவேடுகளையும் கவனமாகப் பாதுகாக்கச் சொல்கிறது. கழிக்க அனுமதி என்று எங்கும் நாங்கள் படித்ததில்லை.

பக்கம் உதிர்கிறது என்பது உண்மை. அந்தக் காலத்து மாசிக்காய் மையில் அமிலம் உண்டு. எழுத்தின் வழியே தாளை அரித்துவிடும். ஆனால் உதிர்வதைக் கூட்டியது நாம் செய்த வைத்தியமும்தான். செலோடேப் ஒட்டியிருக்கிறீர்கள், அதன் பசை பழுத்துப் பழுப்பாகி எழுத்தோடு உரிந்து வரும். இரண்டு புத்தகங்களைத் தாள்தாளாகப் பிரித்து லேமினேட் செய்திருக்கிறார்கள். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் உள்ளே இருக்கும் அமிலத்தை அடைத்துவைக்கும், திரும்ப எடுக்கவும் முடியாது. இனி இரண்டையும் செய்யாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு மருந்தைத் தாள்மேல் தெளிக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி வைத்து, அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி, மாதம் ஒரு தடவை திறந்து பார்த்தாலே பாதிப் பூச்சி வராது. கிழிசலுக்கு மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை மாவுச்சத்துப் (ஸ்டார்ச்) பசையும். அதையும் பழகியவர் கையால்தான் செய்ய வேண்டும், ஏனென்றால் ஈரம் பட்டால் அந்த மை பரவும்.

படமெடுப்பது பெரிய செலவில்லை. கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டாண்டு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி எல்இடி விளக்கு, மெல்லிய தாளுக்கு அடியில் வைக்கக் கறுப்புத் தாள், பக்கத்தில் ஒரு ஸ்கேல். தையலைப் பிரிக்க வேண்டாம். தையலோரம் முதல் வெளி ஓரம் வரை தாளின் நான்கு மூலையும் படத்தில் தெரிய வேண்டும். ஓரம் வெட்டுப்பட்டால் திரும்ப எடுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையக் கூடாது, பொடி எழுத்துப் பக்கங்களுக்கு 400 நல்லது. வெற்றுப் பக்கத்தையும் எடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் பக்கம் விட்டுப்போனதா என்று பின்னால் சந்தேகம் வரும். கையுறை வேண்டாம், விரலுக்குத் தாள் தெரியாமல் கிழியும். கழுவித் துடைத்த காய்ந்த கை போதும். மேசையில் பேனா கூடாது, பென்சில் மட்டும். 200 பக்கப் புத்தகம் ஒன்றை இரண்டு பேர் ஒரு நாளில் நிதானமாக முடிக்கலாம்.

நாங்கள் கேட்பவை இவை.

புத்தகங்களைக் கழிக்கும் முடிவை எழுத்தில் ரத்து செய்யுங்கள். ஏற்கெனவே எவையாவது வெளியே போயிருந்தால் எந்த ஆண்டுப் புத்தகம், எங்கே போனது என்று பலகையில் போடுங்கள். பழைய காகிதக் கடையானாலும் சொல்லுங்கள், போய்க் கேட்டுப் பார்க்கிறோம்.

1950 வரையிலான எல்லாப் பக்கங்களையும் மேலே சொன்னபடி படமெடுக்க அனுமதியுங்கள். விளக்கு, ஸ்டாண்டு, ஆள் எல்லாம் எங்கள் பொறுப்பு. புத்தகம் அலுவலக அறையை விட்டு வெளியே வர வேண்டாம். உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். படங்கள் மூன்று பிரதி: ஒன்று பங்கில், ஒன்று மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில், ஒன்று பெங்களூருக்கு வெளியே நீங்கள் தேர்ந்தெடுக்கும் இடத்தில். எங்களுக்குப் பிரதி வேண்டாம்.

பட்டியலைத் திருத்துங்கள். தாயின் பெயர், ஞானத்தாய், ஞானத்தகப்பன், ஊர், ஓரக் குறிப்பு, விலக்கின் படி, சாட்சிகள், குழி எண், புத்தக எண், பக்க எண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். பெயரைப் புத்தகத்தில் உள்ளபடியே ஒரு கட்டத்திலும், தமிழில் வழங்கும் பெயரை இன்னொரு கட்டத்திலும் போடுங்கள். ஒன்றை அழித்து மற்றொன்றை எழுத வேண்டாம். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் பிரித்து, ஆண்டை நான்கு இலக்கத்தில் வையுங்கள். படிக்க முடியாததைப் படிக்க முடியவில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். லத்தீன் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்க்கச் சனிக்கிழமைகளில் வருகிறோம்.

அதுவரை, பட்டியலிலிருந்து தரும் சான்றிதழில் 'மூலப் புத்தகத்தோடு ஒப்பிடப்படவில்லை' என்று ஒரு வரி அச்சிடுங்கள்.

அந்தரங்கம் பற்றிய உங்கள் கவலை நியாயம். தகப்பன் பெயர் எழுதாத பிள்ளைகள் உண்டு, தத்துப் பிள்ளைகள் உண்டு, தாது வருஷப் பஞ்சத்திலும் பிளேக் காலத்திலும் மடத்தில் விட்ட பெயரறியாப் பெண் குழந்தைகளும் உண்டு. ஞானஸ்நானத்துக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, அடக்கத்துக்கு 50 என்று ஒரு வரம்பு வைத்து, அதைக் கடந்தவற்றை மட்டும் பார்க்கக் கொடுங்கள். வரம்புக்குள் இருப்பவற்றுக்கு நேரடி வாரிசு என்று காட்டுபவருக்கு அவருடைய பதிவை மட்டும் காட்டினால் போதும். மாதத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் யாருக்கும் தொந்தரவில்லை.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குத் தங்கவயல், சேலம், கிருஷ்ணகிரியிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வரும். பூ வைக்கக் குழியைத் தேடி உங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்து நிற்பார்கள். அதற்கு முன், பழைய அறிவிப்பு ஒட்டிய அதே பலகையில் உங்கள் பதிலையும் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
தண்டுப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்காகப் பழைய பதிவேடுகளைப் படித்துக் கொடுப்போர்
பெங்களூர்